முருங்கையடி மண்ணுக்குச் சீமெந்து போடாதேயுங்கோ

கொக்கிளாய்,
மாசி 9, 2024

மரியே வாழ்க.

அன்புள்ள ஞானமலர் அக்காவுக்கு, தம்பி ஸ்ரனிஸ்லஸ் கடுங்கோபத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் ராஜினியும் சுகம். அங்கே நீங்களும் அத்தானும் மருமகள் நிரோசினியும் சுகமாக இருக்கவேண்டும் என்று மாதாவிடம் மன்றாடினேன். அத்தானுக்காக மட்டும் கொஞ்சம் மெதுவான குரலில் மன்றாடினேன்.

வெட்கக்கேட்டை முதலில் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நிரோசினியைப் பெண் பார்க்க வந்தவர்கள் உங்கள் கேற்றைத் திறந்தபோது, பெண்ணின் ஒரேயொரு தாய்மாமன் வேட்டி கட்டியிருக்கவில்லை. வேட்டி முருங்கையடியில் விரிந்து கிடந்தது. நான் என் மூத்தவனின் பழைய உதைபந்தாட்டக் காற்சட்டையோடு அதற்குப் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தேன். அவர்கள் முதன்முதலில் கண்டது என்னைத்தான். அதிலும் என் முகத்தை அல்ல.

நிழலில் படம் எடுப்பவனுக்கு வெளிச்சம் தெறிக்க ஒரு வெள்ளைத்துணி வேண்டும். வேட்டிதான் கையில் இருந்தது, அதாவது இடுப்பில் இருந்தது. இது குற்றமென்றால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மற்றதை ஒப்புக்கொள்ள மாட்டேன்!

என்னைக் கூப்பிட்டது யார்? நீங்கள். வெள்ளிக்கிழமை நீங்களே போன் எடுத்து, "தம்பி, முருங்கையில இருக்கிற மயிர்க்கொட்டி எல்லாம் இறங்கப்போகுது, ஞாயிறு வந்து படம் எடு. வரேக்க களப்பு இறால் கொண்டுவா" என்றீர்கள். நான் இறாலை ஐஸ் பெட்டியில் போட்டு, முதல் பஸ் பிடித்து, கண்டாவளைக்கு வந்து, உங்கள் குசினியில் குந்தியிருந்து உரித்தேன். வெறும் கிழங்குப் பற்றீஸ் சுட இருந்த உங்களுக்கு, "கிழங்குக்குள்ள இறாலைக் கொத்திப் போடுங்கோ, ருசி தூக்கும்" என்று சொன்னவனும் நான்தான். பிறகு மரத்தடிக்குப் போனால் தண்டு மொட்டையாக இருக்கிறது. ஒரு மயிர்க்கொட்டி இல்லை. எல்லாம் இறங்கி மண்ணுக்குள் போய்விட்டன.

அக்கா, அந்தப் புழுக்கள் பகலில் தண்டில் கும்பலாக ஒட்டிக்கிடக்கும், இரவில் ஏறி இலை தின்னும். முற்றியதும் மண்ணுக்குள் இறங்கிக் கூடாகி, அடுத்த மாரி மழைக்குத்தான் அந்துப்பூச்சியாக மேலே வரும். ஆகவே நான் அன்று படம் எடுத்தது மண்ணை. வெறும் மண்ணை! அவை இறங்கின ஓட்டைகளை!

அப்படியிருக்க, அரை மணித்தியாலம் கழித்து மாப்பிள்ளையின் தாய் கடித்த பற்றீசைத் தட்டில் வைத்துவிட்டு, கழுத்தைச் சொறிந்துகொண்டு எழும்பி, உடம்பெல்லாம் தடித்து, "ஐயோ மயிர்க்கொட்டி" என்று கத்தினதற்கு நான் என்ன செய்ய? அத்தான் அத்தனை பேருக்கும் முன்னால் என்னைப் பார்த்து, "வெளிய போடா, புழுப்பிடிச்சவனே" என்றார். வேட்டி கறையாகி உங்கள் கிணற்றடியில் கிடக்க, அம்பத்தொரு வயதில் ஒரு மனிதன் காற்சட்டையோடு பஸ் ஏறினான். கொண்டக்டர் பெடியன், "ஐயா எந்த ரீமுக்கு விளையாடுறியள்?" என்று கேட்டான்.

உங்கள் வீட்டுப் போன்கள் எல்லாவற்றிலும் அத்தான் என் நம்பரை அடைத்துவிட்டார் என்பதால்தான் இந்தக் காலத்தில் முத்திரை வாங்கி எழுதுகிறேன். எனக்கு ஒரு மன்னிப்பு வேண்டும். வேட்டியும் வேண்டும்.

தம்பி,
ஸ்ரனிஸ்லஸ்

*

கண்டாவளை,
மாசி 20, 2024

மரியே வாழ்க.

தம்பி ஸ்ரனிஸ்லசுக்கு, அக்கா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருக்கிறோம். அத்தானுக்கு மட்டும் முதுகிலும் தொடையிலும் வேர்க்குரு போட்டு ராத்திரி முழுக்கச் சொறிகிறார். ராஜினியைக் கேட்டதாகச் சொல்.

உனக்கு மன்னிப்பு வேண்டுமோ? அந்த மனிசிக்கு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஒரு நாள் மறித்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை அனோஜன் தம்பி நல்ல பிள்ளை, வவுனியாவில் தகப்பனோடு சீமெந்து ஏஜென்சி நடத்துகிறவர். உன் அத்தான் இங்கே சீமெந்துக்கல் அரிந்து விற்கிறவர். இப்படி ஒரு சம்பந்தம் இனி வருமோ? தரகர் போனை எடுக்கிறார் இல்லை. சந்தையில் என்னைக் கண்டால் சனம், "மயிர்க்கொட்டி வீட்டுக்காரி" என்று கதைக்கிறது.

மண்ணைப் படம் எடுத்தேன் என்கிறாய். மண்ணைப் படம் எடுக்கிறவனை யார் நம்புவான்? நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஏதாவது நடந்தால் அங்கே நீ நிற்பாய்.

அத்தான் முற்றம் முழுக்கச் சீமெந்து போடப் போகிறார். ஒரு புழு இனி இந்த வளவுக்குள் தலை நீட்டக்கூடாதாம்.

வேட்டியில் கறை. தோய்த்து வைத்திருக்கிறேன்.

அக்கா,
ஞானமலர்

மேற்படி கடிதத்தை வாசித்தேன். கோபம் போதாது. – ச. ஸ்ரீபன்

*

கொக்கிளாய்,
மாசி 28, 2024

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் கடிதமும் அதன் அடியில் அத்தான் குத்திய முத்திரையும் கிடைத்தன. மாசிப் பனியில் வேர்க்குரு போட்ட முதல் மனிதர் அத்தானாகத்தான் இருப்பார். வேப்பிலை அவித்துக் குளிக்கச் சொல்லுங்கோ. எங்களுக்குச் சுகம். ராஜினிக்கு மட்டும் சிரித்துச் சிரித்து விலாவில் பிடித்திருக்கிறது.

சீமெந்தோ? முற்றம் முழுக்கவோ? அக்கா, அந்த மண்ணுக்குள் உயிர் கிடக்கிறது. ஐப்பசி வரைக்கும் அது நித்திரை. மேலே சீமெந்து ஊற்றினால் உள்ளேயே கிடந்து சாகும். அத்தானுக்கு மண் என்றால் மூடவேண்டிய சாமான். அவரிடம் விட்டால் களப்புக்கும் மூடி போடுவார்.

எனக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். என் மோட்டர் பழுதாகிப் படகு கரையில் கிடந்த வருடம், கருவாட்டுப் பந்தலில் வந்து குந்திய ஒரு நீலக்கோட்டு வண்ணத்துப்பூச்சியைப் போனில் எடுத்ததிலிருந்து எனக்குப் பிடித்த பைத்தியம் இது. படம் போட்டுப் பெயர் கேட்கிற குழுவொன்றில் சேர்ந்தேன். எலுமிச்சை மரத்துக் குஞ்சுப் புழு குருவி எச்சம் மாதிரி இருக்கும் என்று அங்கே படித்துவிட்டு, ஒரு காலை முழுக்க முழங்காலில் நின்று படம் எடுத்துப் போட்டேன். "ஐயா, இது உண்மையாகவே எச்சம்" என்று வவுனியாவிலிருந்து ஒருத்தர் பதில் போட்டார். அன்றிலிருந்து அந்தக் குழுவில் என் பெயர் எச்சம் அண்ணன்.

இந்த முருங்கைப் பூச்சியில்தான் என் மானம் கிடக்கிறது. முட்டை எடுத்துவிட்டேன், புழு எடுத்துவிட்டேன், கழற்றின சட்டைகூட எடுத்துவிட்டேன். இனி மண்ணைப் பிளந்து பூச்சி வெளியே வருகிற படம் ஒன்றுதான் மிச்சம். குழுவில் எவனிடமும் அது இல்லை. அதை எடுத்தால் எச்சம் அண்ணன் செத்துப்போவான்.

இங்கே ஊரில் என்னை மயிர்க்கொட்டி ஸ்ரனிஸ் என்கிறார்கள். மீன் ஏலத்தில் நான் பக்கத்தில் நின்றால் சனம் சும்மா சும்மா சொறிகிறது. தவக்காலத்தில் கோபத்தை ஒறுக்கச் சொல்லிச் சுவாமி பிரசங்கம் வைத்தார். நான் வெற்றிலையை ஒறுத்துவிட்டேன். கோபத்தை விடமாட்டேன்.

தம்பி,
ஸ்ரனிஸ்லஸ்

*

கண்டாவளை,
பங்குனி 17, 2024

மரியே வாழ்க.

தம்பிக்கு, சுகம். அத்தானுக்கு வேர்க்குரு இன்னும் மாறவில்லை. வேப்பிலைக்கும் கேட்கவில்லை. பின்னேரத்தில் தன் கதிரையில் சாய்ந்திருந்து பேப்பர் பார்ப்பதுதான் ஆறுதல் என்கிறார்.

உன்னால் இந்தக் குடும்பத்துக்கு வந்த அவமானத்தை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். (அத்தான் சொல்லி எழுதுகிறேன். நானும் மறக்க மாட்டேன்.) உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் சீமெந்து வேலை. மரத்தையும் வெட்ட நின்றார். நண்டுக் குழம்புக்கு முருங்கையிலை எங்கே போய் வாங்குவீர்கள் என்று கேட்டேன். மரம் நிற்கும். மண்ணைப் பற்றி நான் ஒன்றும் கதைக்க ஏலாது.

நிரோசினி வேலைக்குப் போகிறாள். சாப்பிடுகிறாள்.

அக்கா,
ஞானமலர்

வாசித்தேன். பிராக்கெட்டுக்குள் இருப்பதும் வாசித்தேன். – ச. ஸ்ரீபன்

*

கொக்கிளாய்,
சித்திரை 22, 2024

மரியே வாழ்க.

அக்காவுக்கு. சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. ஆனாலும் சுகமா?

இந்தக் கடிதத்தை நிரோசினி வேலை செய்கிற மாட்டு வைத்தியர் கந்தோர் முகவரிக்கு அனுப்புகிறேன். ஏன் என்று வாசித்தால் தெரியும். அத்தானின் முத்திரை இதில் விழக்கூடாது.

புதுவருட லீவுக்கு மூத்தவன் வந்தான். அன்றைக்கு எடுத்த மண் படங்களையெல்லாம் அவனுடைய லப்டொப்பில் பெரிதாக்கிப் பார்த்தேன். பூச்சிப் படம் எடுப்பவனுக்கு ஒரு பழக்கம் உண்டு: முன்னால் இருப்பதைப் பார்த்து முடித்ததும் பின்னால் என்ன கலங்கித் தெரிகிறது என்று பார்ப்பான். அங்கே வேறொரு பூச்சி மறைந்திருக்கும்.

அக்கா, என் மண் ஓட்டைக்குப் பின்னால், கலங்கலாக, உங்கள் விறாந்தை. விறாந்தையில் கதிரைகள். சிவப்புக் குசன் போட்ட கதிரைக்கு மேலே குனிந்து நிற்பது நீங்கள். கையில் சொப்பிங் பேக் மாட்டியிருக்கிறீர்கள். பக்கத்தில் என்னுடைய மீன் டின். மயிர்க்கொட்டி கழற்றின சட்டைகளைச் சேர்த்து, "மயிர் கைல பட்டாத் தடிக்கும், தொட்டிடாதேயுங்கோ" என்று சொல்லி போன முறை வந்தபோது உங்கள் குசினி அலுமாரியில் நான் வைத்த அதே டின். அடுத்த படத்தில் டின் கவிழ்ந்திருக்கிறது.

கோபம் வந்தால் எனக்குப் பகிடி வரும் என்று உங்களுக்குத் தெரியும். இந்த முறை வரவில்லை.

என்னை ஏன் கூப்பிட்டீர்கள்? மண்ணைப் படம் எடுக்கிற மடையன் ஒருத்தன் முற்றத்தில் கிடந்தால் பழியெல்லாம் அவன் தலையில் விழும் என்றுதானே? விழுந்தது. விழுந்ததற்குப் பிறகு இரண்டு கடிதம் எழுதினீர்களே, "உன்னால் வந்த அவமானம்" என்று, அதை எந்தக் கையால் எழுதினீர்கள்? சொப்பிங் பேக் மாட்டின கையாலா?

பதில் எழுதுங்கோ.

ஸ்ரனிஸ்லஸ்

*

கண்டாவளை,
ஆனி 11, 2024

அன்புள்ள மாமாவுக்கு, நிரோசினி எழுதுவது. சுகம். மாமியையும் கேட்டதாகச் சொல்லுங்கோ.

உங்கள் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்தேன். குசினியில் நின்று வாசித்தா. திருப்பியும் வாசித்தா. பிறகு அடுப்புக்குள் வைத்துவிட்டு, "கறிக்கு உப்புக் காணுமோ எண்டு பார்" என்றா. நான் வாசிக்கவில்லை மாமா, அதில் என்ன இருந்தது என்று கேட்கவும் இல்லை.

பழைய கடைக்காரர் ஏய்த்ததால் சீமெந்து வேலை பிந்தியது. இப்போது மூட்டைகள் வந்து விறாந்தையில் அடுக்கியிருக்கிறது. அடுத்த மாதம் போடுவாராம். அப்பாவுக்குச் சொறி கூடி, கிளிநொச்சியில் ஒரு தோல் டொக்டரிடம் காட்டினோம். அவர், "வீட்டில பூனை வளக்கிறீங்களோ?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பூனை இப்போது எங்கள் பக்கம் வரப் பயப்படுகிறது.

மருமகள்,
நிரோசினி

*

கொக்கிளாய்,
ஆடி 3, 2024

மரியே வாழ்க.

அக்காவுக்கு. நாங்கள் சுகம். இதுவும் கந்தோர் முகவரிக்குத்தான் வருகிறது. கடைசித் தடவை.

கடிதத்தை எரித்தீர்களாம். படத்தை எரிக்க ஏலாது. போனில் இருக்கிறது, லப்டொப்பில் இருக்கிறது, மூத்தவனிடமும் இருக்கிறது. நான் ஒரே ஒரு காரியம் செய்தால் போதும்: கண்டாவளைச் சந்தியில் அத்தானின் கல் அரிகிற கொட்டிலுக்குப் போய், "அத்தான், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இதைப் பாருங்கோ" என்று காட்டுவது.

காட்டமாட்டேன் என்று நினைக்காதேயுங்கோ. நீங்கள் என்னைப் பத்து வருடம் தூக்கி வளர்த்ததும், ஷெல்லடிக்குள் உங்கள் தாவணியால் என் காலைக் கட்டினதும் எனக்கு நினைவிருக்கிறது. அதற்காகத்தான் இவ்வளவு நாள் காட்டாமல் இருந்தேன். ஆனால் அந்தக் காலைக் கட்டின அக்கா, என்னைக் காற்சட்டையோடு தெருவில் நடக்கவிட்டா. "வெளிய போடா" என்று அந்தாள் கத்தேக்க நீங்கள் குசினி வாசலில் நின்றீர்கள். கையில் எண்ணெய்க் கரண்டி.

முருங்கையடியில் நாலு முழ மண்ணை விட்டுவிட்டு மற்ற முழு உலகத்துக்கும் சீமெந்து போடச் சொல்லுங்கோ. அந்த நாலு முழத்தில் ஒரு கரண்டி சீமெந்து விழுந்தாலும் படம் அத்தானுக்குப் போகும்.

இது வெருட்டலா என்று கேட்டால், ஓம்.

ஸ்ரனிஸ்லஸ்

*

கண்டாவளை,
ஆவணி 14, 2024

தம்பிக்கு,

அத்தான் மடுத் திருவிழாவுக்குப் போய்விட்டார். வீட்டில் நான் தனியே. ஆகவே இதில் முத்திரை இருக்காது. உன் கோபத்தைச் சுகம் விசாரித்தேன் என்று வைத்துக்கொள்.

பெண் பார்க்க வருவதற்கு முந்தின கிழமை அனோஜனின் தாய் போன் எடுத்தா. அத்தான் ஸ்பீக்கரில் போட்டார், பெருமையாக. நிரோசினியும் பக்கத்தில் நின்றாள். அவா கேட்டா, "உங்கட பிள்ளை மாட்டுக்கு ஊசி போடுறதாமே. அந்தக் கையாலயோ எங்களுக்குச் சமைக்கப்போறா?" என்று. கேட்டுவிட்டுச் சிரித்தா. பிறகு, "கலியாணத்துக்குப் பிறகு அந்த வேலை சரிவராது, வீட்டில ரெண்டு மருமகளும் கையைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறாளவை" என்றா. அத்தானும் சிரித்தார் தம்பி. சீமெந்து ஏஜென்சிக்காகச் சிரித்தார். நிரோசினி சிரிக்கவில்லை. மாட்டுக் கன்று ஒன்றை வெளியே இழுத்தெடுத்துவிட்டு இரத்தத்தோடு வீட்டுக்கு வந்து, "அம்மா உயிரோட வந்திட்டுது" என்று கத்துகிற பிள்ளை, இரண்டு நாள் தட்டில் சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். "அப்பா சொன்னாச் சரி" என்றாள்.

என்னால் இந்த வீட்டில் "வேண்டாம்" என்று சொல்ல ஏலாது. உனக்குத் தெரியும். சொன்ன ஒரேயொரு முறை என்ன நடந்தது என்றும் தெரியும்.

அலுமாரியைத் திறந்தேன். உன் டின் இருந்தது.

உன்னை ஏன் கூப்பிட்டேன் என்றால், நீ வந்தால்தான் புழுவுக்கு ஒரு சொந்தக்காரன் இருப்பான். நான் செய்தேன் என்று தெரிந்தால் எனக்கு இந்த வீடு இல்லை. நீ செய்தாய் என்றால் உனக்கு ஏச்சு மட்டும்தான். உனக்கு ஏச்சு வாங்கிப் பழக்கம். அப்படித்தான் கணக்குப் போட்டேன். கணக்கில் உன் காற்சட்டை வரவில்லை.

சிவப்புக் குசன் கதிரைதான் வீட்டில் நல்ல கதிரை. அந்த மனிசியை அதில்தான் இருத்துவார்கள் என்று தெரிந்து அதில் தூவினேன். அவா எழும்பிக் கத்துகிற சத்தம் குசினிக்குக் கேட்டபோது எனக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோசம். அதைப் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை.

மண் கிடக்கிறது. அடிமரத்தைச் சுற்றிச் சீமெந்து இறுகினால் வேர் அழுகி மரம் வீட்டுக்கு மேல் விழும் என்று அத்தானுக்குச் சொன்னேன். வட்டமாக விட்டுவிட்டுப் பூசியிருக்கிறார். நீ வெருட்டியதற்காக இல்லை. ஆடி முதலாம் திகதியே பூசி முடிந்துவிட்டது. உன் வெருட்டல் இரண்டு நாள் பிந்தி எழுதப்பட்டது.

ஞானமலர்

*

கொக்கிளாய்,
புரட்டாதி 6, 2024

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. நாங்கள் சுகம். நீங்கள் சுகமா? மருமகள் சுகமா? மாடுகள் சுகமா?

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் கடற்கரையில் போய் இருந்தேன். யாரோடு கோபிப்பது என்று தெரியாமல் இருந்தேன். கடைசியில் கோபம் அந்த மனிசி மேல் போய் நின்றது. மாட்டுக்கு ஊசி போடுகிற கையாம்! அந்தக் கைக்கு முத்தம் கொடுக்கவேண்டும். உங்கள் மேலும் கோபம் தீரவில்லை. தவணை முறையில் தீர்ப்பேன்.

ஆனால் இன்னொன்று. இதற்காகத்தான் மறுபடியும் கந்தோர் முகவரி. இதை வாசிக்கும்போது அத்தான் பக்கத்தில் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கோ. பக்கத்தில் ஒரு கதிரையைப் பிடித்துக்கொள்ளுங்கோ. சிவப்புக் கதிரையை வேண்டாம்.

அன்று அவர்கள் வந்தபோது நான் பதறி எழும்பினேன் அல்லவா. அந்தப் பதற்றத்தில் விரல் பட்டுக் கமெரா தானாகவே ஒரு படம் எடுத்திருக்கிறது. சரிந்த படம், பாதிக்கு என் கட்டைவிரல். நான் மண்ணான வேட்டியைச் சுருட்டிக்கொண்டிருக்க, மற்றப் பாதியில் விறாந்தையில் எல்லாரும் இருந்துவிட்டார்கள். அனோஜனின் தாய் இருப்பது வாசலோரம், காற்றுப் படுகிற பிளாஸ்ரிக் கதிரையில். சிவப்புக் குசனில், வேட்டியை மடித்து ஏற்றிக்கொண்டு, காலுக்கு மேல் கால் போட்டு இருக்கிறவர் அத்தான்.

நீங்கள் குசினியில் பற்றீஸ் பொரித்துப் பொரித்து நிரோசினியிடம் கொடுத்துவிட்டுக்கொண்டிருந்தீர்கள். வெளியே வரும்போது எல்லாரும் எழும்பி நின்றார்கள். பிழை உங்களுடையதல்ல. தன் வீட்டில் நல்ல கதிரையை விருந்தாளிக்குக் கொடுப்பார் என்று அத்தானைப் பற்றி நினைத்ததுதான் பிழை.

மாசியிலிருந்து அந்தாள் பின்னேரப் பேப்பரை அந்தக் கதிரையில் இருந்து வாசிக்கிறார். வேர்க்குரு!

என்னை வெளியே போகச் சொன்ன அந்த நிமிசத்தில் அவருடைய பின்பக்கத்தில் என்னுடைய மயிர்க்கொட்டிச் சட்டைகள். கடவுள் இருக்கிறார், அக்கா. அவருக்கும் பகிடி தெரியும்.

அப்படியென்றால் அந்த மனிசி? அவாவுக்கு ஒரு மயிரும் படவில்லை. ஆகவே அவா செய்தது நடிப்பு! பெண்ணைப் பிடிக்காமல், சாட்டுத் தேடி, கழுத்தைத் தானே கிள்ளித் தடிக்கவைத்து, ஆஸ்பத்திரி வரைக்கும் போய் நடித்திருக்கிறா. அவாவுடைய நடிப்புக்காக நான் ஏழு மாதம் புழுப்பிடித்தவனாக இருந்திருக்கிறேன். வவுனியாவுக்குப் போய்க் கேட்கத்தான் போகிறேன். ராஜினி, "வேண்டாமப்பா, சும்மா இருங்கோ" என்கிறாள். அவளுக்கு ரோசம் இல்லை.

குசனை எரியுங்கோ. கையில் சொப்பிங் பேக் மாட்டிக்கொண்டு.

தம்பி,
ஸ்ரனிஸ்லஸ்

*

கண்டாவளை,
ஐப்பசி 24, 2024

ஸ்ரனிஸ்லசுக்கு,

ஸ்ரீபன் எழுதுவது. நான் சுகம். சொறி மாறிவிட்டது. ஞானமலர் ஒருநாள் என் குசனைக் காரணமில்லாமல் கொளுத்தினா. கேட்டால் பழசாம். பொம்பிளையளின் கதை.

திங்களும் செவ்வாயும் நல்ல மழை. நேற்று விடியப்புறம் பல் தீட்டப் போனபோது முருங்கையடி வட்டத்துக்குள் மண் கிளம்பிக் கிளம்பி இருந்தது. ஒரு பூச்சி வந்து தண்டில் ஏறிச் செட்டையை விரித்தது. மஞ்சள். கையளவு. நான் பல்தூரிகையோடு நின்றேன். தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது.

நிரோசினியின் போனை வாங்கிப் படம் எடுத்தேன். என் விரல் விழுந்துவிட்டது. நீ எப்படி எடுக்கிறாயோ தெரியாது.

நிரோசினி சொல்கிறாள் நாளைக்கும் இன்னும் வருமாம். உன் நம்பரைத் திறந்துவிட்டேன். எனக்குப் போனில் கதைக்க ஒருமாதிரி இருக்கிறது, ஆனபடியால் இதை பஸ் கொண்டக்டரிடம் கொடுத்து விடுகிறேன். கிடைத்ததும் ஏறு.

வேட்டி கட்டிக்கொண்டு வா.

ச. ஸ்ரீபன்

இதை ஞானமலர் வாசித்தா. சரியாம்.

*

கொக்கிளாய்,
கார்த்திகை 5, 2024

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி எழுதிக்கொள்வது. சுகமாக வந்து சேர்ந்தேன். போன் திறந்திருக்கும்போது ஏன் கந்தோர் முகவரிக்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனை அத்தான் ஸ்பீக்கரில் போடுவார்.

முதலில் நல்ல செய்தி. படம் குழுவில் ஏறிவிட்டது. மண் வெடித்து, நனைந்த தலை வெளியே வந்து, சுருங்கின செட்டையோடு தண்டில் ஏறுகிற ஒன்பது படம். அத்தான் வேட்டியை அவிழ்த்து வெளிச்சத்துக்குப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் யாருக்கும் சொல்லவில்லை. கேற்றடியில் பால்காரன் கண்டான், அவன் சொல்வான். எச்சம் ஐயாவுக்கு வாழ்த்துகள் என்று வவுனியாக்காரர் போட்டிருக்கிறார். எச்சம் போகவில்லை, ஐயா வந்திருக்கிறது.

நிரோசினி என்னை பஸ்ஸில் ஏற்றிவிடும்போது, "மாமா, அந்த டின்னைப் பற்றி அம்மா ஒண்டும் சொல்லேல்ல. எனக்கும் ஒண்டும் தெரியாது" என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டினாள். பிள்ளை கெட்டிக்காரி.

இனி மற்றது. வந்த வேகத்தில் ராஜினியிடம் சொன்னேன், அடுத்த கிழமை வவுனியாவுக்குப் போய் அந்த நடிப்புக்காரியை நாலு கேள்வி கேட்கப்போகிறேன் என்று. ராஜினி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவேயில்லை.

"அவா நடிக்கேல்லயப்பா. ஆவணியில மடுவில எங்கட கொட்டிலுக்குப் பக்கத்துக் கொட்டில்தான் அவை. நான் ஆரெண்டு அவாக்குத் தெரியாது, அவா ஆரெண்டு எனக்குக் கதையில விளங்கிச்சு. கறி குடுத்தன், தொடமாட்டன் எண்டிட்டா."

"ஏனாம்?"

"ஆகாதாம். தெரியாம ஒரு வாய் திண்டாலே உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சும் இழுக்குமாம்."

"ஆவணியில தெரிஞ்சதை ஏன்டி இப்ப சொல்லுறாய்?"

"நீங்கள் கோவமா இருக்கேக்க விறகு கொத்துறியள், தண்ணி அள்ளுறியள், வலையும் தைக்கிறியள். ஏன் குழப்புவான்?"

அக்கா, அன்று ராஜினி கொடுத்தது இறால் கறி.

தம்பி,
ஸ்ரனிஸ்லஸ்